நிரற் களஞ்சியங்களின் இடமாற்றமும் நேர வலயமும்

ஒரு நிகழ்ச்சி எப்பொழுது நிகழ்ந்தது என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிதென்றே பலரும் எண்ணுவர். கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டால் போதுமன்றோ? ஆயினும் அக்கடிகாரம் எந்த ஊரில் இருந்தது, அவ்வூரார் அந்நாளில் எந்த நேரக் கணக்கைக் கைக்கொண்டிருந்தனர் என்பன தெரியாதவிடத்து, குறித்த மணியால் விளையும் பயன் சிறிதேயாம். கப்பலோட்டிகளும் வானநூலாரும் நெடுங்காலமாக அறிந்திருந்த இவ்வுண்மையை இன்று மென்பொருள் ஆக்குவோரும் அறிந்திருத்தல் வேண்டும். நிரல்களின் வரலாற்றை ஒரு முறையிலிருந்து வேறொரு முறைக்கு மாற்றும்பொழுது அதன் இன்றியமையாமை மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது.

நமது கல்லூரியிற் கணினிக் கல்வி பயிலும் மாணவரையும், மென்பொருட்டுறையிற் பணியாற்றும் பழைய மாணவரையும் முன்னிட்டு இப்பொருளை ஈண்டு ஆராய்கின்றோம். ஏனையோரும் தொடர்ந்து வாசித்தற்கு இயலும் வண்ணம் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

பதிவேட்டின் பயன்

பெரிய மென்பொருள் எதுவும் ஒரு நாளில் ஒருவர் கையால் எழுதி முடிக்கப்படுவதன்று. பலர் பல்லாண்டுகளாகக் கூட்டியும் குறைத்தும் திருத்தியும் அதனை வளர்க்கின்றனர். எந்தக் கோப்பில், எதனை, எவர், எப்பொழுது, என்ன காரணம் பற்றி மாற்றினார் என்பவற்றை ஒழுங்காகக் குறித்து வைக்கும் கருவியே பதிப்புக் கட்டுப்பாட்டு முறை எனப்படும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவாகச் சேர்க்கப்படும். நிரலாக்கர் இதனைக் ‘கமிற்’ என வழங்குவர். பதிவுகள் எல்லாம் சேர்ந்த தொகுதி களஞ்சியம் எனப்படும்.

இத்தகைய முறைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. 1980களின் தொடக்கத்தில் வால்ரர் ரிச்சி என்பார் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆக்கிய ஆர்.சி.எஸ்., அதன்மேல் எழுந்த சி.வி.எஸ்., 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 2004இல் முதற் பதிப்பாக வெளிவந்த சப்வேர்சன், 2005இல் தோன்றிய கிற், மேர்க்கூரியல் ஆகியவை அவற்றுட் குறிப்பிடத்தக்கன. புதிய முறை வருந்தோறும் பழைய களஞ்சியங்களை அதற்கு மாற்றும் தேவையும் எழுகின்றது. ஜி.சி.சி. என்னும் புகழ்பெற்ற நிரல்மொழிமாற்றித் தொகுதி சி.வி.எஸ். முறையிலிருந்து 2005இல் சப்வேர்சனுக்கும், அங்கிருந்து 2020 சனவரியில் கிற் முறைக்கும் பெயர்ந்தது. முப்பதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் வரலாறு இவ்வாறு கைமாறிற்று.

நிரலின் இறுதி வடிவம் சரியாக வந்து சேர்ந்தால் போதாதோ, பழைய பதிவுகளின் மணியும் நிமிடமும் பற்றிக் கவலை ஏன் எனச் சிலர் வினவலாம். வழு ஒன்று கண்டுபிடிக்கப்படுகின்றது என்க. அது எந்நாளிற் புகுந்தது, அதற்கு முன் வெளியிட்ட பதிப்பு அவ்வழுவைக் கொண்டிருந்ததா என்பதை அறியப் பதிவின் நேரமே துணையாகும். ஓர் ஆக்கத்தை முதலிற் செய்தவர் யார் என்ற உரிமை வழக்கு எழுமாயின் அந்நேரமே சாட்சியாகும். அன்றியும், ஊதியம் பெறாது உழைத்தோர் பலரின் பணிக்கு அப்பதிவேட்டைத் தவிர வேறு நினைவுச் சின்னம் இல்லை. ஆகவே அதனைச் சிதைவின்றி ஒப்படைத்தல் மாற்றுவோரின் கடமையாகும்.

கணமும் கடிகாரமும்

நேரக் குறி ஒன்றில் இரண்டு செய்திகள் அடங்கியிருத்தல் கூடும். ஒன்று, உலகம் முழுவதற்கும் பொதுவான கணம். மற்றது, அக்கணத்தில் பதிவு செய்தவரின் ஊரிற் கடிகாரம் காட்டிய மணி. கொழும்பில் மாலை ஐந்தரை மணியாகும்பொழுது கிறீனிச்சில் நண்பகல் பன்னிரண்டு மணி. கடிகாரங்கள் இரண்டு, கணமோ ஒன்றே.

கணத்தைக் குறிப்பதற்குக் கணினியியலார் பெரும்பாலும் ஓர் எளிய வழியைக் கைக்கொள்வர். யூ.ரி.சி. எனப்படும் உலகப் பொது நேரப்படி 1970ஆம் ஆண்டு சனவரி மாதம் 1ஆந் திகதி தொடங்கிய கணத்திலிருந்து சென்ற செக்கன்களை எண்ணுவதே அவ்வழியாம். இவ்வெண்ணிக்கைக்கு ஊரும் இல்லை, நாடும் இல்லை. கடிகார மணியையும் அறிய வேண்டுமாயின், அவ்வூரின் நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு முந்தியது அல்லது பிந்தியது என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். அதனை வலய வேறுபாடு என இக்கட்டுரையில் வழங்குவோம்.

இவ்விரண்டனுள் முதலாவது பிழைப்பின் நிகழ்ச்சிகளின் முறைமையே குலையும். இரண்டாவது பிழைப்பின் முறைமை குலையாது. ஆயினும் ஒருவர் நள்ளிரவில் விழித்திருந்து செய்த பணி நண்பகலிற் செய்ததாகத் தோன்றும். சில வேளைகளில் திகதியும் மாறும். இவ்வேறுபாட்டை மாணவர் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். இனி வருவன எல்லாம் இதனையே அடிப்படையாகக் கொண்டன.

நம் நாட்டுக் கடிகாரம்

வலய வேறுபாடு என்பது ஓரிடத்திற்கு என்றும் மாறாத எண்ணன்று. இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. இலங்கையின் நேரம் 1906ஆம் ஆண்டு முதல் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியதாக வழங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 சனவரியில் அது ஆறு மணியாகவும், அவ்வாண்டு செப்ரெம்பரில் ஆறரை மணியாகவும் ஆக்கப்பட்டது. 1945 ஒக்ரோபரில் மீண்டும் ஐந்தரையாயிற்று. பின்னர், மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்வைக்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபர் 26ஆந் திகதி அரை மணி பின்வைக்கப்பட்டு ஆறு மணியாயிற்று. 2006ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டை அடுத்து, இன்னும் அரை மணி பின்வைக்கப்பட்டுப் பழைய ஐந்தரை மணிக் கணக்கு மீண்டது.

எனவே 2001ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து செய்யப்பட்ட பதிவொன்றுக்கு, ‘இலங்கை நேரம் ஐந்தரை மணிதானே’ என்று கருதி +0530 என எழுதுவோர் தவறிழைப்பர். அன்று அங்குள்ள கடிகாரம் +0600 என்ற கணக்கிலேயே ஓடிற்று.

2006ஆம் ஆண்டின் மாற்றம் நடைபெற்ற இரவை இன்னுஞ் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஏப்ரில் 15ஆந் திகதி நள்ளிரவு கடந்து 12.30 ஆனவுடன் கடிகாரம் 12.00க்குத் திருப்பப்பட்டது. ஆகவே 12.00 முதல் 12.30 வரையுள்ள அரை மணி நேரம் அவ்விரவில் இரு முறை வந்தது. முதன்முறை வந்தது உலகப் பொது நேரப்படி ஏப்ரில் 14ஆந் திகதி 18.00 தொட்டு 18.30 வரை, இரண்டாம் முறை வந்தது 18.30 தொட்டு 19.00 வரை.

வலயம் குறியாது உள்ளூர் மணியை மட்டும் எழுதும் பழைய பதிவேடொன்றில் அவ்விரவுக்குரிய இரண்டு பதிவுகள் உள்ளன என்று கொள்வோம். ஒன்று 12.05, மற்றது 12.20. எது முந்தியது? மணியை மட்டும் நோக்குவோர் தயங்காது 12.05 என்பர். ஆனால் 12.05 என்பது 18.05 ஆகவும் இருக்கலாம், 18.35 ஆகவும் இருக்கலாம். அவ்வாறே 12.20 என்பது 18.20 ஆகவோ 18.50 ஆகவோ இருக்கலாம். பதிவேட்டில் 12.20 எனக் குறித்ததற்கு 7ஆம் எண்ணும், 12.05 எனக் குறித்ததற்கு 8ஆம் எண்ணும் இடப்பட்டிருப்பின், ஐயம் முற்றாக நீங்கும். 7ஆவது 18.20, 8ஆவது 18.35 என்பதன்றி வேறு பொருத்தம் இல்லை. எண்கள் மாறி, 12.05 முந்தியும் 12.20 பிந்தியும் இருப்பின், மூன்று பொருத்தங்கள் இயலும். அவற்றை மாணவர் தாமே எழுதிப் பார்ப்பாராக. வரிசை எண் போன்ற புறச் சான்று எத்துணை மதிப்புடையது என்பது அப்பொழுது விளங்கும்.

1996 மே 25ஆந் திகதியின் இடர் இதற்கு மறுதலையானது. அன்று நள்ளிரவு 12.00 ஆனதும் கடிகாரம் 1.00க்குத் தள்ளப்பட்டமையால், இடைப்பட்ட ஒரு மணி நேரம் கடிகாரத்தில் வரவேயில்லை. அன்றைய திகதியில் 12.40 என்ற குறியைக் காண்போமாயின், அந்தக் கணினியின் கடிகாரம் திருத்தப்படவில்லை என்றோ, அது வேறு வலயத்தில் ஓடிற்று என்றோ ஊகித்தல் வேண்டும். இல்லாத இந்நேரத்தைக் கொடுத்தால் எச்சரிக்கை எதுவும் தராது தாமாக ஒன்றைத் தெரிந்துகொள்ளும் நிரல்களும் உள. அதனால் பிழை மறைந்து போகின்றது.

முறைகள் நேரத்தை எழுதும் வகை

ஒவ்வொரு பதிப்புக் கட்டுப்பாட்டு முறையும் நேரத்தைத் தனக்கென ஒரு வகையில் எழுதுகின்றது. மாற்றுவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ். ஆகியவை கோப்புத்தோறும் தனித்தனியே பதிவு வைப்பன. நேரத்தை உலகப் பொது நேரப்படி ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன் என எழுதும். பதிந்தவரின் வலயத்தை எழுதுவதில்லை. 1999ஆம் ஆண்டு வரைக்கும் ஆண்டு இரண்டு இலக்கத்திலும், 2000 தொட்டு நான்கு இலக்கத்திலும் எழுதப்படும் என்பதையும் கவனித்தல் நன்று. இவற்றைச் சொற்களைப் போல ஒப்பிட்டு வரிசைப்படுத்துவோர் 1997ஐ 2006க்குப் பின் வைத்துவிடுதல் கூடும்.

சப்வேர்சனும் உலகப் பொது நேரத்தையே எழுதும். செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு கூறு வரை நுணுக்கமாக எழுதும். ஆனால் அந்நேரம் பதிந்தவரின் கணினிக்குரியதன்று. களஞ்சியம் உள்ள சேவையகத்துக்குரியது. பதிந்தவர் யாழ்ப்பாணத்தில் இருந்தாரா, இலண்டனில் இருந்தாரா என்பதற்கு அதில் இடமே இல்லை.

கிற் முறை, செக்கன் எண்ணிக்கையையும் வலய வேறுபாட்டையும் சேர்த்து எழுதும். அதுவும் ஒரு பதிவுக்கு இரண்டு முறை: ஆக்கியவருக்கு ஒன்று, களஞ்சியத்திற் சேர்த்தவருக்கு ஒன்று. இவை அவரவர் கணினியின் கடிகாரத்திலிருந்து பெறப்படுவன. நாம் மேலே கண்ட 18.20க்குரிய பதிவு கிற் முறையில் 1145038800 +0600 எனவும், 18.35க்குரியது 1145039700 +0530 எனவும் அமையும். முதல் எண்கள் இரண்டையும் கழித்தால் 900 செக்கன், அஃதாவது பதினைந்து நிமிடம் வரும். கடிகாரம் பின்னோக்கி ஓடியதாகக் காட்டினும், கணம் முன்னோக்கியே சென்றது என்பதை இவ்வெண்கள் ஐயமற நிறுவுகின்றன.

மேர்க்கூரியலும் இவ்விரண்டையும் எழுதும். ஆனால் வேறுபாட்டைச் செக்கன்களில் எழுதும். அன்றியும் கிறீனிச்சுக்கு மேற்கேயுள்ள நாடுகளை நேரெண்ணாகவும், கிழக்கேயுள்ளவற்றை எதிரெண்ணாகவும் கொள்ளும். ஆகவே கிற் முறையின் +0530 மேர்க்கூரியலில் -19800 ஆகும். +0600 என்பது -21600 ஆகும்.

சோர்ஸ்சேவ் போன்ற வேறு சில பழைய முறைகள் பயன்படுத்துவோரின் கணினிக் கடிகாரத்தையே நம்பியிருந்தன. ஒரு பணிமனையிற் பத்துக் கணினிகள் பத்து விதமாக ஓடினால், பதிவேடும் அவ்வாறே குழம்பியிருக்கும்.

இடமாற்றத்தில் நேரும் வழுக்கள்

இவ்வேறுபாடுகளை மனத்திற் கொண்டு நோக்கினால், வழுக்கள் எங்கே தோன்றும் என்பதை முன்னரே கூறிவிடலாம்.

முதலாவது, உலகப் பொது நேரத்தை உள்ளூர் நேரமென மயங்குதல். சப்வேர்சன் பதிவின் 18.20ஐ வாசிக்கும் நிரலொன்று அதனைத் தான் ஓடும் கணினியின் உள்ளூர் நேரமெனக் கொள்ளுமாயின், இலங்கையில் மாற்றியவருக்கு ஒரு விடையும் கனடாவில் மாற்றியவருக்கு வேறொரு விடையும் வரும். இங்கே பிழைப்பது கணமே. ஆதலின் இதுவே யாவற்றினும் கொடிய வழுவாகும்.

இரண்டாவது, குறி மாறுதல். மேர்க்கூரியலின் எதிரெண்ணைத் திருப்பாது கிற் முறைக்குக் கொடுப்பின் +0530 என்பது -0530 ஆகும். கணம் பிழைப்பதில்லை, கடிகாரமோ பதினொரு மணி நேரம் பிழைத்துக் காட்டும்.

மூன்றாவது, அறுபதின் கணக்கைப் பத்தின் கணக்காகக் கொள்ளுதல். 0530 என்பது ஐந்து மணி முப்பது நிமிடம்; 530 நிமிடமும் அன்று, 5.30 மணியும் அன்று. தசமப்படி 5.30 மணி என்றால் ஐந்து மணி பதினெட்டு நிமிடமே. முழு மணி வேறுபாடுள்ள நாடுகளில் இருந்து நிரல் எழுதுவோர் இவ்வழுவைக் காண்பதில்லை. +0100, -0500 என்பவற்றை நூறால் வகுத்தாலும் அவர்களுக்குச் சரியான விடையே கிடைக்கும். அரை மணி வலயத்தில் வாழும் நாமும் இந்தியரும், முக்கால் மணி வலயத்தில் வாழும் நேபாளத்தாருமே இதனை முதலில் உணர்வோம். எனவே கருவிகளைச் சோதிக்கும் பொறுப்பு நம்மவருக்குச் சிறப்பாக உரியது எனலாம்.

நான்காவது, சி.வி.எஸ். பதிவுகளைச் சேர்க்கும்பொழுது நேர்வது. அம்முறையிற் பத்துக் கோப்புகளை ஒருங்கே மாற்றினாலும் பத்துத் தனிப் பதிவுகளே இருக்கும். அவற்றை ஒரே மாற்றமாகத் திரட்டுவதற்கு, பதிந்தவர் பெயரும் குறிப்புரையும் ஒன்றாக இருத்தலோடு நேரமும் நெருங்கியிருத்தலைக் கருவிகள் நோக்கும்; ஐந்து நிமிட இடைவெளி வழக்கமான எல்லை. நேரத்தைத் திருத்த விரும்புவோர் சில கோப்புகளை மட்டும் முன்னரே திருத்தினால், ஒன்றாயிருக்க வேண்டிய மாற்றம் இரண்டாகப் பிளவுபடும். திரட்டிய பின்னரே எதனையும் திருத்துதல் வேண்டும்.

ஐந்தாவது, மாற்றிய நாளையே பதிவு நாளாக எழுதிவிடுதல். கிற் முறையில் இரண்டு நேரங்கள் இருப்பதால், ஆக்கியவரின் நேரத்தைச் சரியாக எழுதிச் சேர்த்தவரின் நேரத்தை இன்றைய நாளாக விட்டுவிடுவோர் உளர். குறித்த நாளுக்குப் பிற்பட்ட பதிவுகளைக் காட்டுக எனக் கேட்கும்பொழுது கிற் நோக்குவது சேர்த்தவரின் நேரத்தையே. ஆதலின் இருபதாண்டு வரலாறு முழுவதும் ஒரே நாளில் நிகழ்ந்தது போலத் தோன்றும். மூல முறையில் ஒரே நேரம் இருந்ததாயின் அதனையே இரண்டிடத்தும் எழுதுதல் முறையாகும்.

இல்லாத வலயத்தை எவ்வாறு எழுதுவது?

இதுகாறும் கூறியவை கவனத்தால் நீங்கத்தக்க வழுக்கள். இனி வருவது கவனத்தால் மட்டும் தீராத வினா. சப்வேர்சன், சி.வி.எஸ். ஆகியவற்றில் வலயம் எழுதப்படவில்லை. கிற் முறையோ அதனை எழுதுமாறு கேட்கின்றது. இல்லாத செய்தியை எங்ஙனம் எழுதுவது?

மூன்று வழிகள் உள. எல்லாப் பதிவுகளுக்கும் +0000 என எழுதுதல் முதல் வழி. சப்வேர்சனிலிருந்து பெயர்க்கும் கிற்-எஸ்.வி.என். என்னும் கருவி இயல்பாக இவ்வாறே செய்யும். உள்ளூர் நேரத்தில் எழுதுமாறு அதனை ஏவவும் இயலும். ஆனால் அப்போது எழுதப்படுவது மாற்றுவோரின் கணினிக்குரிய வலயமேயன்றிப் பதிந்தவருக்குரியதன்று. இரண்டு பேர் இரண்டு வலயங்களிலிருந்து அவ்வாறு பெயர்ப்பாராயின், அவர்களுடைய களஞ்சியங்கள் ஒன்றோடொன்று பொருந்தா.

பணியாற்றியோர் அனைவரும் ஓரூரில் இருந்தனர் என்பது உறுதியாகத் தெரியுமிடத்து அவ்வூரின் வேறுபாட்டை எல்லாவற்றுக்கும் எழுதுதல் இரண்டாம் வழி. பதிந்தோர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வலயத்தைத் தனித்தனியே எழுதுதல் மூன்றாம் வழி. எரிக் றேமண்ட் ஆக்கிய ரிப்போசேர்ஜன் என்னும் கருவி இதற்கு இடந்தருகின்றது, ஜி.சி.சி. களஞ்சியத்தின் 2020ஆம் ஆண்டு இடமாற்றத்துக்கு உதவியதும் இக்கருவியே. பதிந்தோர் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொருவரின் முழுப்பெயர், மின்னஞ்சல் முகவரி என்பவற்றோடு வலயத்தின் பெயரையும் அதிற் சேர்க்கலாம்.

வலயத்தை எண்ணாக எழுதாது பெயராக எழுதுவதில் ஒரு பெரும் நன்மை உண்டு. ஆதர் டேவிட் ஒல்சன் தொடங்கி, போல் எகேட் பேணிவரும் நேர வலயத் தரவுத்தொகுதியில் உலக நாடுகளின் நேர மாற்றங்கள் ஆண்டு வாரியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ‘ஆசியா/கொழும்பு’ என்று எழுதினால், 1995ஆம் ஆண்டுப் பதிவுக்கு ஐந்தரை மணியும், 2001ஆம் ஆண்டுப் பதிவுக்கு ஆறு மணியும், 2010ஆம் ஆண்டுப் பதிவுக்கு மீண்டும் ஐந்தரை மணியும் தானாகவே அமையும். கோடைதோறும் கடிகாரம் மாற்றும் இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களுக்கும் இவ்வாறே பொருந்தும்.

ஆயினும் வலயப் பெயரும் முற்றான சான்றாகாது. 2002 வரை கொழும்பிற் பணியாற்றிப் பின்னர் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தவர் ஒருவரை ஒரே பெயரால் எவ்வாறு குறிப்பது? நம் பழைய மாணவருள் இவ்வாறு நாடு விட்டு நாடு சென்றோர் பலர். மேலும், 1996ஆம் ஆண்டின் நேர மாற்றத்தை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் ஏற்காது பழைய ஐந்தரை மணிக் கணக்கையே தொடர்ந்தன. ஒரே தீவில், ஒரே நாளில், இருவேறு கடிகாரங்கள் ஓடின. நாட்டின் பெயரைக் கொண்டு மட்டும் கடிகாரத்தைத் துணிதல் ஆகாது என்பதற்கு இதனினும் நெருங்கிய சான்று நமக்கு வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நாம் கொள்ளும் முடிபு பின்வருமாறு: கணத்தை ஒரு செக்கனும் மாற்றாது காத்தல் வேண்டும்; வலயத்தைச் சான்று உள்ளவிடத்து மட்டும் எழுதுதல் வேண்டும்; சான்று இல்லாதவிடத்து +0000 என விடுதல் வேண்டும். மின்னஞ்சல் மடல்களில் உள்ள நேரக் குறி, மாற்றக் குறிப்பேடுகளில் அவர்களே எழுதிய மணி, உயிரோடிருப்போரின் வாய்மொழி ஆகியவை சான்றாகலாம். பெயரின் ஒலியைக் கொண்டும், ‘அவர் அங்கேதான் இருந்திருப்பார்’ என்ற எண்ணத்தைக் கொண்டும் வலயம் எழுதுதல் வரலாற்றிற் கற்பனையைப் புகுத்துவதாகும்.

+0000 என்பதிலும் ஒரு குறை உண்டு. குளிர்காலத்தில் இலண்டனிற் பணியாற்றியவரின் உண்மையான வலயமும் அதுவே. அறியாமையைக் குறிக்கும் பூச்சியமும் அறிந்து எழுதிய பூச்சியமும் ஒரே தோற்றமுடையன. 2002ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எவ்.சி. 3339 என்னும் இணைய விதி, உள்ளூர் வேறுபாடு தெரியாதவிடத்து எதிர்க்குறியோடு -00:00 என எழுத இடமளிக்கின்றது. ஆனால் கருவி விட்டுக் கருவி செல்லும்பொழுது அக்குறி தங்குமென நம்பியிருத்தல் தகாது. ஆகவே எவ்வெப் பதிவுகளுக்கு வலயம் அறியப்படாது விடப்பட்டது என்பதைத் தனியே ஒரு குறிப்பில் எழுதிக் களஞ்சியத்திலேயே வைத்தல் சாலச் சிறந்தது.

மறுதலையாக, கிற் முறையிலிருந்து சப்வேர்சனுக்கு மாற்றுவோருக்கு உள்ள வலயத்தை இழக்கும் இடர் உண்டு. சப்வேர்சன் தன் நேரத்தில் வலயத்துக்கு இடந்தராது. ஆயினும் ஒவ்வொரு பதிவுக்கும் நாம் விரும்பிய பெயரிற் பண்புகளைச் சேர்க்க விடும். மூல நேரக் குறியை முழுமையாக அவ்வாறு ஒரு பண்பாகச் சேர்த்துவிட்டால் எதுவும் இழக்கப்படுவதில்லை.

முன்னரே முடிவு செய்தல்

இம்முடிவுகளைப் பின்னர் ஆறுதலாக எடுக்கலாம் என விட்டுவிடுதல் கூடாது. கிற் முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் ஓர் அடையாளக் குறியீடு கணிக்கப்படுகின்றது. ஆக்கியவர் பெயர், நேரம், வலயம், முந்திய பதிவின் குறியீடு ஆகிய யாவும் அக்கணிப்பில் அடங்கும். ஆகவே தொடக்கத்திலுள்ள ஒரு பதிவின் +0530ஐ +0600 எனத் திருத்தினால், அதன் குறியீடு மாறும். அதனைத் தொடர்ந்த பதிவுகள் யாவற்றின் குறியீடுகளும் மாறும். களஞ்சியத்தை வெளியிட்டுப் பலரும் படியெடுத்துப் பணி தொடங்கிய பின் இவ்வாறு திருத்துதல் அவர்கள் அனைவரையும் இடருக்குள்ளாக்கும்.

சோதனைகள்

மாற்றம் சரியாக நடந்ததா என்பதை அறியச் சில சோதனைகளைக் கூறி அமைவோம்.

பழைய களஞ்சியத்தின் பதிவுகளையும் புதியதன் பதிவுகளையும் உலகப் பொது நேரத்தில் இரு பட்டியல்களாக எடுத்து ஒப்பிடுக. செக்கன் வரை ஒவ்வொன்றும் பொருந்துதல் வேண்டும். சப்வேர்சனின் செக்கனுக்குக் கீழ்ப்பட்ட கூறுகளைக் கிற் ஏற்பதில்லை. எனவே ஒரே செக்கனில் நிகழ்ந்த இரு பதிவுகள் ஒரே நேரத்தைக் காட்டலாம். அவற்றின் முறைமையை முந்திய பதிவைச் சுட்டும் தொடர்பு காத்துக்கொள்ளும்.

அடுத்து, ஒரே மாற்றத்தை இரு முறை செய்து பார்க்க. முதன்முறை கணினியின் வலயத்தைக் கொழும்பு எனவும், இரண்டாம் முறை நியூயோர்க் எனவும் அமைத்துக்கொள்க. இரண்டிலும் இறுதிப் பதிவின் அடையாளக் குறியீடு ஒன்றாகவே வருமாயின், மாற்றும் கணினியின் கடிகாரம் வரலாற்றிற் கலக்கவில்லை என்பது உறுதி. வேறுபடுமாயின், எங்கோ ஓரிடத்தில் உள்ளூர் நேரம் புகுந்துள்ளது. எளிதாகச் செய்யத்தக்க சோதனைகளுள் இதனினும் பயன் மிக்கது வேறில்லை.

மூன்றாவதாக, கடிகாரம் மாறிய நாட்களுக்கு அருகிலுள்ள பதிவுகளைத் தேடியெடுத்துக் கண்ணால் நோக்குக. நம் நாட்டவர் பணியாற்றிய களஞ்சியமாயின் 1996 மே, 1996 ஒக்ரோபர், 2006 ஏப்ரில் ஆகிய மூன்றும் நோக்கத்தக்கன. பழைய பதிவுக்குப் பின் வரும் பதிவு நேரத்தால் முந்தியிருக்கும் இடங்களையும் பட்டியலிடுக. சப்வேர்சன் ஒரு திகதியைக் கொண்டு பதிவைத் தேடும்பொழுது, நேரங்கள் ஏறுவரிசையில் இருக்கும் என்றே கொள்ளும். வரிசை குலைந்தால் தவறான பதிவைத் தருதல் கூடும்.

நான்காவதாக, கோப்புகளின் உள்ளடக்கத்தை ஒப்பிடும்பொழுது, அவற்றுள் தாமாக நிரப்பப்படும் திகதிச் சொற்களை முன்னரே நிறுத்திவிடுக. சப்வேர்சன் அவற்றுட் சிலவற்றை வாசிப்போரின் உள்ளூர் நேரத்தில் எழுதுமாதலின், ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் இரண்டு வகையாகத் தோன்றி வீண் மயக்கம் தரும்.

இறுதியாக, பழைய களஞ்சியத்தை அழியாது, எவரும் எழுத இயலாதவாறு பூட்டிப் பேணுக. நம் முடிவுகளிற் பிழை இருப்பின் பின்வருவோர் மூலத்தைப் பார்த்துத் திருத்துதற்கு அதுவே வழி.

ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்த நம் முன்னோர், செல்லரித்துப்போன இடத்தைத் தம் சொல்லால் நிரப்பாது வெற்றிடமாக விட்டு எழுதிய படிகள் பதிப்பாசிரியருக்குப் பெருந்துணை புரிந்தன. நிரற் களஞ்சியங்களைப் பெயர்ப்போரும் ஒரு வகையிற் படியெடுப்போரே. கிடைத்ததைக் கிடைத்தவாறு எழுதி, கிடையாததைக் கிடையாதென்றே குறித்து, தாம் செய்த முடிவுகளையும் உடன் எழுதிவைப்பாராயின், அக்களஞ்சியத்தை அடுத்த முறைக்கு மாற்ற வருவோர் அவர்களுக்குக் கடப்பாடுடையராவர். கணினித் தொழிலில் இறங்கும் நம் மாணவர் இவ்வொழுக்கத்தைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வாராக.